இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதிய உயில்

அருட்சகோதரியாக முதல் வார்த்தைப்பாடு (ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் துறவற வாக்குறுதி) கொடுத்த நாளிலிருந்து ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வந்தேன். திருச்சபைச் சட்டப்படி இந்தக் காலம் 3 ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது; பொதுவாக 6 ஆண்டுகளைத் தாண்டவும் கூடாது. 6ஆம் ஆண்டில், வாழ்நாள் முழுமைக்குமான இறுதி வார்த்தைப்பாட்டுக்கான விண்ணப்பக் கடிதத்தை எங்கள் துறவற சபையின் மாநிலத் தலைவியிடம் கொடுத்தேன். அவர் நிதானமாக வாசித்து முடித்தார். "எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், சிஸ்டர். யாருக்காக என்று எழுதவில்லையே" என்று சொல்லி, கடிதத்தை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. நான் பணியாற்றிய ஊரின் செங்கற்சூளையில், முன்பணம் வாங்கிய ஒரு குடும்பம் கணக்கு தீராமல், தாத்தாவின் சாவுக்குக்கூடப் போக முடியாமல் கிடந்தது. அந்தத் தாய் தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். ஈரமண்ணிலும் சாம்பலிலும் வெடித்து, ரேகைகளே தெரியாமல் போயிருந்தன. சூளைக்காரர் எங்கள் பங்குக்கோவிலுக்குத் தாராளமாக நன்கொடை கொடுப்பவர் என்பதால், "செபிக்கிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதை இன்றும் பாவமாகவே எண்ணுகிறேன்.

தயாரிப்புத் தியானத்தில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் வெளியிட்ட, அர்ப்பண வாழ்வு பற்றிய ஊக்கவுரையை வாசித்தோம். அதன் 84ஆம் பகுதி, துறவியரின் இறைவாக்குப் பணிக்கு, விவிலியத்தின் இறைவாக்கினர் எலியாவை முன்மாதிரியாகக் காட்டுகிறது: இறைத்திருமுன் மௌனமாக நின்றவர், வலியோருக்கு எதிராக ஏழைகளின் பக்கம் நின்றவர். அன்றிரவு நானாகவே முதல் அரசர் நூலின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கொலை செய்து பறித்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தில் அரசன் ஆகாபு இறங்கி நிற்கும்போதே, எலியா அவன் முன்னால் போய் நிற்கிறார்.

அடுத்த வாரம் உயில் எழுத வேண்டியிருந்தது. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன், நாட்டுச் சட்டப்படியும் செல்லத்தக்க உயில் ஒன்றை எழுதிவைப்பது கட்டாயம். சொத்து நிர்வாகத்தை முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே விட்டுக்கொடுத்திருந்தேன். அப்பா வழியில் என் பெயருக்கு வந்த 20 சென்ட் நிலத்தைத் தங்கைக்கு எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டபோதுதான், ஏழ்மை வார்த்தைப்பாட்டின் மறுபக்கம் எனக்குப் புரிந்தது. சூளைக்காரர் என்னிடமிருந்து எதைப் பறிக்க முடியும்? பிள்ளைகளின் எதிர்காலம், வீட்டுக் கடன், சொந்த நிலம் என்று அந்த ஊரில் ஒவ்வொருவர் வாயையும் அடைத்த எதுவும் எனக்கு இல்லை. அப்படியிருந்தும் வாய் மூடியிருந்தால், நான் துறந்தது யாருக்கும் உதவாத துறவு.

இரண்டாவது கடிதத்தில் அந்தத் தாயின் கைகளைப் பற்றி எழுதினேன். ஊர் திரும்பியதும், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மனு எழுதி, அந்தக் குடும்பத்துடன் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். பங்கு மக்களில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். மாநிலத் தலைவி மட்டும், "மனுவின் நகலைக் கடிதத்தோடு வையுங்கள்" என்றார்.

புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடப்பட, பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடந்த என் இறுதி வார்த்தைப்பாட்டு நாளில், விடுதலைச் சான்றிதழ் பெற்ற அந்தத் தாய் கோவிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.