மூன்றாம் தரப்புத் தண்ணீர்

வருஷா வருஷம் ஏப்ரல் பிறந்ததும் எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் வந்துவிடும். பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்ன, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய பிஆர்எஸ்ஆர் அறிக்கைக்கான கணக்கு அது. கரண்ட் எவ்வளவு, டீசல் எவ்வளவு, குப்பை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் ரிங் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கு அதை நிரப்பிக் கொடுப்பது கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் ஃபெசிலிட்டி ஆளான என் தலையில் விழுந்தது.

தண்ணீருக்கு அதில் ஐந்து வரிகள். ஆற்று-ஏரித் தண்ணீர், நிலத்தடி நீர், மூன்றாம் தரப்பிடம் வாங்கியது, கடல் நீர், மற்றவை. முதல் வருஷம் நிலத்தடி நீர் வரியில் நல்ல கனமான எண் இருந்தது. 2024 பிப்ரவரியில் எங்கள் இரண்டு போர்வெல்லும் காற்றைக் கக்க ஆரம்பித்தன. அடுத்த ஷீட்டில் அந்த எண் சரிந்துவிட்டது. மீட்டிங்கில் அதைப் பார்த்த ஒருவர் "குட் ப்ராக்ரஸ்" என்றார். பச்சை அம்புக்குறி போட்டு ஒரு ஸ்லைடும் தயாரானது. கீழே மூன்றாம் தரப்பு வரி எகிறியிருந்ததை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்ரைசல் மாதம்.

மூன்றாம் தரப்பு என்றால் வேறு யாருமில்லை, லாரித் தண்ணீர்தான். 12,000 லிட்டர் லாரி. ஓட்டுகிறவர் தருமபுரிக்காரர். என் தமிழைக் கேட்ட நாளிலிருந்து கேட்டில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். எங்கேண்ணா ஏற்றுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி வர்த்தூர்லயே ஏத்திட்டிருந்தோம் மேடம். அங்க போர் நின்னுபோச்சு. இப்ப சர்ஜாப்பூர் தாண்டி ஒரு தோப்புல."

"தோப்புக்காரர் விவசாயம் பண்ணலையா?"

"தக்காளி போட்டா விலை கிடைக்குமோ கிடைக்காதோ. தண்ணிய வித்தா தினமும் காசு."

2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் லாரிக்கு விலை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000. சர்ஜாப்பூருக்கு அப்பால் இருக்கும் தோப்பு எந்தக் கணக்கில் 5 கிலோமீட்டருக்குள் வரும்? லாரிக்காரர்கள் கேட்ட விலையை நாங்கள் கொடுத்தோம். கம்பெனிக்கு அது பெரிய காசு இல்லை. முர்ஃபி டவுனில் இருக்கும் என் சித்தி ஒரு வாரம் நாலு குடத்தில் ஓட்டினார்.

அறிக்கையில் இன்னொரு அட்டவணை உண்டு. கம்பெனியைப் பாதிக்கக்கூடிய விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றும் ரிஸ்க்கா ஆப்பர்ச்சுனிட்டியா என்று ஆர் அல்லது ஓ போட வேண்டும். தலைப்பில் "ஆர்/ஓ" என்று பார்த்த எங்கள் டெக்னீஷியன், "ஆர்ஓ பிளான்ட் சர்வீஸ் போன மாசமே ஆயிடுச்சு மேடம்" என்றான். பருவநிலை மாற்றத்துக்கு எதிரே நாங்கள் போட்டது ஆர். பக்கத்தில் நடவடிக்கை என்ன என்று எழுத ஒரு கட்டம். அதில் எழுத எங்களிடம் விஷயம் இருந்தது, 2022 வெள்ளத்தின் புண்ணியத்தில்.

அந்த வருஷம் செப்டம்பர் 5-ந்தேதி ஐடி ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், ஆகஸ்ட் 30 அன்று ஒரே நாள் நெரிசலில் மட்டும் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று ரிங் ரோட்டுக் கம்பெனிகளின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. எங்கள் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர். எலக்ட்ரிக்கல் பேனல் அங்கேதான் இருந்தது. அது போனதும் தண்ணீரை இறைக்கும் பம்பும் நின்றது. இதை ஃபோனில் அப்பாவிடம் சொன்னேன். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர் அவர். 2001 பிப்ரவரி 28-ல் மூடுகிற வரைக்கும் வேலை பார்த்தார். "பம்புக்குக் கரண்ட் குடுக்கற பேனலைக் கொண்டுபோய்ப் பள்ளத்துலயா வைப்பாங்க? எவன் இஞ்சினியர்?" என்றார். அப்புறம் கன்சல்டன்ட் வைத்து, பல பக்க ரிப்போர்ட் வாங்கி, பேனலை மேலே ஏற்றினோம். அப்பா இலவசமாகச் சொன்னதுதான்.

ராம்ப் வாசலில் வெள்ளத் தடுப்புக் கதவும் வைத்தோம். அருமையான கதவு. அடுத்த பெருமழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பின்பக்கம் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் கட்டட வேலைக்காரர்களின் தகர ஷெட்டுகள் இருக்கின்றன. மறுநாள் காலை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாய், பாத்திரம் எல்லாம் ஷெட் கூரை மேல் காய்ந்துகொண்டிருந்தது. கதவு இல்லாவிட்டாலும் அங்கே தண்ணீர் வந்திருக்கும் என்று எங்கள் இஞ்சினியர் சொன்னார். இருக்கலாம்.

எல்லாமே கண்துடைப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது, முக்கியமாக எஸ்டிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் விஷயத்தில். எங்கள் ஆபரேட்டர் கிருஷ்ணகிரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். தினமும் காலையில் கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு திண்ணை மேல் வைப்பார். அரை மணி நேரம் அதைத் தொடக்கூடாது. சாக்லேட் நிறத்தில் கலங்கியிருப்பது மெல்ல மெல்லத் திரண்டு கீழே இறங்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். சகதி ஜாடியின் 300 மில்லி கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் ஒரு திருப்தி. குனிந்து மோந்து பார்ப்பார். நல்லா இருந்தால் மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். அழுகல் நாற்றம் வந்தால் காற்று ஊதும் புளோயரைக் கவனிக்க ஓடுவார். அவர் வந்த பிறகு டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்கும் கூலிங் டவருக்கும் அந்தத் தண்ணீரே போகிறது. குழாய் முனைகளில் 2024-ல் குடிநீர் வாரிய உத்தரவுப்படி, தண்ணீர் கொட்டுவதைக் குறைக்கும் ஏரேட்டர் மாட்டினோம். இரண்டும் சேர்ந்து தினம் மூன்று லாரியைக் குறைத்தன. ஸ்லைடில் ஏரேட்டர் இருக்கிறது. ஜாடி இல்லை, அவரும் இல்லை. கான்ட்ராக்ட் ஆள்.

நகரமும் தன் பங்குக்குச் செய்கிறது. 2023 நவம்பரில் பருவநிலைத் திட்டம் வெளியிட்டார்கள். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் வந்தது, தினம் 77.5 கோடி லிட்டர், புறநகரின் 110 கிராமங்களுக்கு. 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் ஆற்றை ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் பண்ணி ஏற்ற வேண்டிய ஊர் இது. கரண்ட் பில்லை நினைத்தால் எனக்கே தலை சுற்றும். நகரத்தின் சாக்கடையைச் சுத்திகரித்து, 2018 முதல் கேசி வேலி திட்டத்தில் எங்கள் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஊரில் மாமாவின் போரில் தண்ணீர் ஏறியிருக்கிறது. செடிக்கு விடுவார். மாட்டுக்குக் காட்டுவதற்கு யோசிப்பார். "பெங்களூர் கக்கூஸ் தண்ணி" என்றுதான் இன்னும் சொல்கிறார்.

இந்த வருஷ ஷீட்டில் மூன்றாம் தரப்பு வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: "போர்வெல் நீர், சர்ஜாப்பூர் பகுதி." கன்சல்டன்ட்டிடமிருந்து அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. ரிமார்க்ஸ் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று. சரி, ஊர் பெயராவது சரிதானா என்று உறுதி செய்துகொண்டு பதில் எழுதலாம் என லாரி அண்ணனைப் பிடித்தேன்.

"அந்தத் தோப்பும் நின்னுபோச்சு மேடம். இப்ப மாலூர் ரோட்ல ஏத்துறோம். வாடகை கொஞ்சம் கூட ஆகும்னு ஓனர் சொல்லச் சொன்னார்."

மாலூர் எங்கள் ஜில்லா.