லகுனா செக்காவில் ஓர் அணிவகுப்புச் சுற்று: மியாட்டா நாட்குறிப்பு

செப்டம்பர் 7, சனிக்கிழமை

அக்டோபர் மாதம் எங்கள் மியாட்டா கார் கிளப், கலிஃபோர்னியாவின் லகுனா செக்கா பந்தயத் தடத்தில் நடத்தவிருக்கும் தட நாளின் (அவரவர் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) மதிய இடைவேளையில் அணிவகுப்புச் சுற்றும் உண்டு என்று இன்று உறுதியாகிவிட்டது. காலையும் மாலையும் தலைக்கவசம் அணிந்து வேகமாக ஓட்டுபவர்களுக்கானவை. நடுப்பகலில் தடம் ஓய்ந்திருக்கும் சிறிது நேரம் மட்டும், காரை வீட்டிலிருந்து ஓட்டி வந்து அதிலேயே வீடு திரும்ப வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு. முன்னே ஒரு வழிகாட்டிக் கார் செல்லும். நாங்கள் ஒற்றை வரிசையில் பின்தொடர்வோம். முந்தக் கூடாது, வேண்டுமென்றே பின்தங்கி இடைவெளி உண்டாக்கிக்கொண்டு, பிறகு பாய்ந்து பிடிக்கவும் கூடாது. சீட் பெல்ட் போதும், ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) தேவையில்லை, பக்கத்தில் ஒருவரை அழைத்துச் செல்லலாம். கிளப்பில் உள்ள இன்னொரு தமிழ் நண்பர் இதைத் தேரோட்டம் என்று கேலி செய்வார். தேரோட்டத்தில்தான் தேரை நின்று பார்க்க முடியும் என்பது என் பதில்.

என்னுடையது 1990 மாடல், நீல நிறம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்தா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5இன், அதாவது மியாட்டாவின், முதல் தலைமுறை: 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு). தொடக்க ஆண்டுகளின் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சரியான அளவு முறுக்காமல் விட்டால், புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து, ஒரு நாள் எஞ்சினே கையை விரித்துவிடும். இன்று மாலை எஞ்சினை ஓடவிட்டு, விளக்கடித்து, புல்லி தள்ளாடுகிறதா என்று வெகுநேரம் பார்த்தேன். நான்கு கீற்றுகள் கொண்ட அந்தப் பழைய புல்லி அசையாமல் நேராகச் சுற்றியது.

செப்டம்பர் 14, சனிக்கிழமை

லிவர்மோரில் ஓர் உறுப்பினரின் கராஜில் சந்திப்பு. அவரவர் கட்டிய காரைக் கொண்டு வந்து, பானட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கேள்விகளுக்காகக் காத்திருப்பதுதான் வழக்கம்.

அதிகக் கூட்டம் கூடியது செவ்ரோலேவின் எல்எஸ் வகை வி8 எஞ்சினைப் பொருத்திய சிவப்புக் காரைச் சுற்றித்தான். எஞ்சினைத் தாங்கும் முன் சப்ஃப்ரேம் மாற்றப்பட்டிருக்கிறது. கியர்பாக்ஸ் வேறு, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வேறு. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரே முதுகெலும்பாகப் பிணைக்கும் அலுமினியச் சட்டம் மியாட்டாவின் சிறப்புகளில் ஒன்று. அதுவும் இதில் இல்லை. எஞ்சின் பிளாக் அலுமினியம் என்பதால் கூடிய எடை பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. வெல்டிங் வேலை அவ்வளவு சுத்தம். ஒயர்களைக் கட்டியிருக்கும் ஒழுங்கைப் பார்த்தாலே உரிமையாளர் எவ்வளவு பொறுமைசாலி என்று தெரிந்துவிடும். ஆனாலும் எதைச் சேர்த்தால் எதை இழக்கிறோம் என்று கணக்குப் பார்த்துக் கட்டப்பட்ட ஒரு காரில், அந்தக் கணக்கு முழுவதையும் அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அவரிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே சாவியை நீட்டி, ஒரு முறை ஓட்டிவிட்டுப் பேசுங்கள் என்றார். ஓட்டவில்லை, ஓட்டினால் கருத்து மாறிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது.

அடுத்து ஒரு டர்போ கார். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் வரைபடத்தைக் கணினியில் தானே எழுதிய இளைஞர், குதிரைத்திறனைக் கேட்பவர்களுக்கெல்லாம் அதை அளக்கும் டைனோ சோதனையின் தாளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கட்டிப்போட்டது கராஜின் கடைசி மூலையில் நின்ற வெள்ளைக் கார்தான். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாருடையது. 1.6 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, 1994இல் வந்த 1.8 லிட்டர் எஞ்சினை வைத்திருக்கிறார். அதனுடன் அதே ஆண்டின் பெரிய பிரேக் டிஸ்குகளும், மெல்லிய பழைய டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக, ஒரு சக்கரம் வழுக்கும்போது விசையை மறு சக்கரத்துக்குத் தள்ளும் டார்சன் வகையும். எல்லாம் மஸ்தா தானே செய்து விற்ற பாகங்கள். ஒவ்வொன்றும் மற்றொன்றின் பாரத்தைத் தாங்கத் தெரிந்தது. கியர் நெம்புகோலின் குமிழைப் பித்தளையில் அவரே கடைந்திருக்கிறார். உயரமான பெண்மணி என்பதால் தலை கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததாம். இருக்கை உறையைக் கழற்றி, ரொட்டி வெட்டும் கத்தியால் உள்ளே இருந்த நுரையைச் சீவி எடுத்து, மறுபடி தைத்துவிட்டார். தையல் தெரியவே இல்லை. அந்த இருக்கையில் அமர்ந்தபோது இடுப்பு காரின் தரையோடு ஒட்டியதுபோல் இருந்தது. செலவு ஒரு சென்ட் கூட இல்லை என்று அவர் சொன்ன நேரத்தில், டர்போ இளைஞர் எட்டிப் பார்த்து அதையும் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 18, புதன்கிழமை

இந்த ஊரில் இருந்துகொண்டு கார் கட்டுவதைப் பற்றி எழுதினால் புகைப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. கலிஃபோர்னியாவில் 1975க்கும் அதற்கு முன்பும் வந்த பெட்ரோல் கார்களுக்கு விலக்கு உண்டு. எங்கள் கார்களுக்கு இல்லை. புகையைப் பாதிக்கக்கூடிய, வெளியார் செய்த எந்தப் பாகத்தைப் பொருத்தினாலும் அதற்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். எஞ்சினையே மாற்றினால், புதிதாக வைப்பது காரின் ஆண்டுக்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதன் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றுவிடாமல் உடன் வர வேண்டும். புகைப் பரிசோதனைக்கான நடுவர் நிலையத்தில் காட்டி முத்திரைச் சீட்டும் வாங்க வேண்டும். வி8 காரின் கதவோரத்தில் அந்தச் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அதைக் கண்ட பிறகு உரிமையாளர் மேல் மதிப்புக் கூடியது என்பதையும் எழுதியாக வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை

நாள் முழுவதும் காருக்கு அடியில். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் சஸ்பென்ஷன் புஷ்களை, அதாவது மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகளை, மாற்றினேன். அன்றுமுதல் வேகத்தடைகளில் பின்பக்கம் கிறீச்சிட்டது. சிறு பள்ளங்களில் கார் மிதக்காமல் துள்ளியது. காரணம் பிடிபட்டுவிட்டது: போல்ட்டுகள் எல்லாவற்றையும் கார் லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள்.

ரப்பர் புஷ் பேரிங்கைப் போலச் சுழல்வதில்லை. உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையையே ரப்பர் தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். பிறகு காரைத் தரையில் இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, கூடுதல் சுருள்வில்லாக வேலை செய்து, சீக்கிரம் கிழியும். ஆகவே நான்கு சக்கரங்களின் கீழும் தடித்த மரக்கட்டைகளை அடுக்கி, காரின் முழு எடையையும் டயர்களில் இறக்கி, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை வைத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினேன். பின்பக்க வலது சஸ்பென்ஷனின் கீழ்க் கை தளர்ந்தபோது 'டொக்' என்ற ஒலியுடன் கார் ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்தது. ஓராண்டு முறுக்கு விடுபட்ட ஓசை அது. பிறகு டார்க் ரென்ச்சால் உரிய அளவுக்கு இறுக்கினேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் மைத்துனன் ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவன். "அத்தான், இதையெல்லாம் நாங்க ஜிக்ல வச்சுத்தான் பண்ணுவோம், நீங்க மணல் மூட்டையில பண்றீங்க" என்றான். அணிவகுப்பில் பக்கத்து இருக்கை அவனுக்குத்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை

அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது, முடிந்தது. டயர்களில் காற்று, ஆயில், கூலன்ட் எல்லாம் சரி. வேறு வேலை இல்லை.

அக்டோபர் 5, சனிக்கிழமை

விடியுமுன் சான் ஹோசேயிலிருந்து கிளம்பி, 101இல் தெற்கே இறங்கி, சலினாஸில் 68ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினோம். மலையை மூடியிருந்த கடல்மூட்டம் பத்து மணிக்குத்தான் விலகியது.

இந்தத் தடம் உருவானதற்குக் காரணமே ஒரு சாவு. முன்பு பந்தயங்கள் அருகிலுள்ள பெபிள் பீச்சின் காட்டுச் சாலைகளில், மரங்களுக்கு நடுவே நடந்தன. 1956இல் எர்னி மெக்காஃபி ஓட்டிய ஃபெராரி மரத்தில் மோதி அவர் இறந்ததும் அது நின்றது. மறு ஆண்டு நவம்பரில், ஃபோர்ட் ஆர்ட் ராணுவ நிலத்தில் அமைத்த இந்தத் தடத்தில் முதல் பந்தயம் நடந்தது. 2001இலிருந்து 2018 வரை தடத்தின் பெயரோடு மஸ்தாவின் பெயரும் சேர்ந்திருந்ததால், மியாட்டாக்காரர்கள் இதைத் தங்கள் வீட்டு முற்றமாகவே எண்ணுகிறார்கள்.

இங்கே ஒலி வரம்பு கண்டிப்பானது. பல தட நாட்களில் 90 டெசிபெல்லையொட்டித்தான் அனுமதி. மீறினால் தடத்தைவிட்டு வெளியே வரச் சொல்லும் கறுப்புக் கொடி. காலை அமர்வில் ஓடிய சிலர் சைலன்சர் முனையில் வளைந்த குழாயைப் பொருத்தி, ஒலி அளவீட்டுக் கருவி இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். மூன்றாம் கியரில் முக்கால் மிதியோடு அந்த இடத்தைக் கடந்து, பிறகு முழுவதும் மிதிப்பார்களாம்.

மதியம் முகப்பு விளக்குகளை உயர்த்திக்கொண்டு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் டர்போ இளைஞர், அவருக்கு முன்னால் வி8, எனக்குப் பின்னால் வெள்ளைக் கார்.

ஒரு சுற்று 3.6 கிலோமீட்டர், பதினொரு வளைவுகள். 2023இல் முழுவதும் புதிதாகத் தார் போட்டிருப்பதால் கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு போகிறது. தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் வரும் மேட்டில் சாலை மறைகிறது. அதை முதல் வளைவு என்று சொன்னால்தான் வளைவென்று தெரியும். இறங்கியதும் இரண்டாம் வளைவு, ஆந்த்ரெட்டி கொண்டை ஊசி. அங்கிருந்து ஐந்தாம் வளைவு வரையிலான உட்பகுதி 1988இல் தடத்தை நீட்டியபோது சேர்த்தது. பழைய பகுதி மலையின் போக்கிலேயே ஏறி இறங்குவதும், புதிய பகுதி சமதளத்தில் வரைந்ததுபோல் கிடப்பதும் இந்த வேகத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாம் வளைவிலிருந்து ஏற்றம். சாலை வானத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது.

உச்சியில் எட்டாம் வளைவான கார்க்ஸ்க்ரூ. திரும்ப வேண்டிய இடத்துக்கு வந்தபோதும் பானட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தூரத்து மர உச்சியைக் குறிவைத்துத் திருப்ப வேண்டும் என்பது பந்தயக்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. மைத்துனன் இரு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "ரோடு எங்கே அத்தான்?" என்றான். இடப்பக்கம் திருப்பியதும் சாலை காலடியில் சரிந்தது. அடுத்த நொடியே வலப்பக்கம். 137 மீட்டர் தூரத்துக்குள் 18 மீட்டர் இறக்கம். 1996இல் இங்கே நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அலெக்ஸ் ஜனார்டி இந்த இடத்தின் உட்புறப் புழுதியில் இறங்கி பிரையன் ஹெர்ட்டாவை முந்தியதைத் திரையில் பலமுறை பார்த்திருக்கிறேன். சரிவின் நடுவில் இறங்கும்போது அந்தப் புழுதி விளிம்பு எவ்வளவு குறுகியது என்று கண்டபோதுதான், அது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்பது உறைத்தது.

ஒன்பதாம் வளைவு இறக்கத்திலேயே நீண்டு இடப்பக்கம் திரும்புகிறது. அங்கேதான் மணல் மூட்டை வேலைக்குப் பலன் கிடைத்தது. முன்னெல்லாம் இத்தகைய இறக்கத்தில் பின்பக்கம் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் சாயும். இன்று ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குச் சாய்ந்து, அங்கேயே நின்றது. கிறீச்சொலி இல்லை.

இரண்டாம் சுற்றில் வரிசை நெருங்கி வேகம் குறைந்தது. டர்போ காரின் ஓட்டுநர் திடீரென்று முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். கூலன்ட் சூடேறுவதைக் கண்டு, கேபின் ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டிருக்கிறார். எஞ்சின் வெப்பத்தைக் கொஞ்சமாவது வெளியேற்ற அதுவே கைவசம் இருந்த வழி. கார்களை நிறுத்தும் பேடாக்குக்குத் திரும்பியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்தக் காரில் காற்றுவழிகள் எல்லாம் வேகத்தில் பாயும் காற்றை நம்பி அமைத்தவை. அதோடு, இந்த எஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கர இயக்கக் கார்களுக்காக உருவானது; அதில் கூலன்ட் எஞ்சினின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவில் எஞ்சினை நீளவாக்கில் வைத்தபோது வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே கடைசிச் சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. சாதாரணக் காருக்கு இது பொருட்டில்லை. டர்போவின் வெப்பத்துக்கு இது போதாது.

வி8 காரோ நெரிசலில் மூன்றாம் கியரிலேயே, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, பூனை நடையில் ஏறி இறங்கியது. லிவர்மோரில் அந்தக் காரைப் பற்றி நான் நினைத்ததில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. வெள்ளைக் காரை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். எந்த வளைவிலும் அதன் இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை

காலையில் பானட்டைத் திறந்தபோது எஞ்சினின் பின்முனையில், கேம் கோண சென்சாரின் அடியில், எண்ணெய்க் கசிவு. அங்குள்ள ஓ-ரிங் முப்பது ஆண்டில் கல்லாக இறுகிவிடும். மியாட்டா வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு நாள் மாற்றியே ஆக வேண்டியது. புதியது சொல்லியாயிற்று.

அலைன்மென்ட் அளவுகளைப் பலர் கேட்டிருந்தார்கள். முன்பக்கம் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) கழித்தல் 1 டிகிரி, காஸ்டர் (திரும்பும் அச்சின் பின்சாய்வு) 5. பின்பக்கம் கேம்பர் கழித்தல் 1.5, டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு உள்நோக்கி. தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கான அளவுகள் இவை. தடத்துக்கென்றே வைத்திருப்பவர்கள் இன்னும் கூடுதலாகச் சாய்ப்பார்கள். ஆனால் புஷ்களைத் தரையில் நிறுத்தி இறுக்காதவர்கள் இந்த எண்களை நகலெடுத்துப் பயனில்லை.

மாலையில் டர்போ இளைஞர் அழைத்தார். கூலன்ட் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை எஞ்சினின் பின்முனைக்கு மாற்றும் குழாய்களை வாங்கிவிட்டாராம். பின்முனைக்கும் கேபினைப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கை நுழையாத இடம் என்பதால் சிறிய கை உள்ள ஒருவர் தேவை என்றார். மைத்துனனுக்கு விமானம் பதினைந்தாம் தேதிதான். வரும் சனிக்கிழமை இருவரும் போகிறோம்.