எல்லாக் கையேட்டிலும் வரும் அந்தப் பத்தி

எங்கள் கையேடுகளில் பாதுகாப்பு எச்சரிக்கை இல்லாத கோப்பே கிடையாது. ஆளாளுக்கு வெட்டி ஒட்டி, போகிற போக்கில் ஒரு சொல்லைத் திருத்தியும் வைத்ததால், வாசகத்தை மாற்றச் சொன்ன நாளில் தேடினாலும் பாதி சிக்காது. அதனால்தான் பொதுப் பத்திகளைத் தனிக் கோப்புக்குக் கொண்டுபோனோம்.

குறிச்சொற்களிட்டு எழுதும் எக்ஸ்எம்எல்லில்தான் எங்கள் கையேடுகள். பழைய கோப்புகளில் இதற்கு என்டிட்டி இருந்தது: பெயரை எழுதினால் அந்த இடத்தில் உரை வந்து நிற்கும். வெளிக் கோப்பிலிருந்து அப்படி இழுக்கும் துண்டில் டாக்டைப் வரி (எந்த விதிகளைப் பின்பற்றுகிறது என்று கோப்பின் தலையில் சொல்லும் வரி) இருக்கக் கூடாது. ஆகவே அதை மட்டும் திறந்து டிடிடியோடு, அதாவது அந்த விதிகளோடு, சரிபார்க்க முடியாது. பாதுகாப்பு கருதிப் பல பார்சர்கள் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்கள்) இப்போது வெளி என்டிட்டியைத் தொடுவதும் இல்லை. டாக்புக் (கையேடுகளுக்கான ஓர் எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்புகளுக்கு, வேறு கோப்பை உள்ளே இழுக்கும் எக்ஸ்இன்க்ளூட் மேல். ஆனால் ஒரே துண்டு ஒரு புத்தகத்தில் இரண்டு இடத்தில் வந்தால் உள்ளே இருக்கும் ஐடியும் (ஒருமுறை மட்டுமே வரவேண்டிய அடையாளப் பெயர்) இரண்டாகி, வேலிடேஷன் என்ற விதிச் சரிபார்ப்பு நின்றுவிடும். துண்டுக்கு ஒரு கோப்பு, உள்ளே ஐடி வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

கையேட்டைத் தனித்தனித் தலைப்புகளாக எழுதும் இன்னொரு எக்ஸ்எம்எல் வடிவமான டிட்டாவில் இந்த வேலைக்குக் கான்ரெஃப். கோப்பின் பாதையையே எழுதுவதால், கோப்பை நகர்த்தினால் இணைப்புகள் அறுந்துபோகும். 2010இல் வந்த டிட்டா 1.2 கீகளை, அதாவது பாதைக்குப் பதிலாக வைக்கும் பெயர்களைத் தந்தது: பாதை மேப்பில் (கையேட்டில் எந்தத் தலைப்புகள் வரும் என்ற பட்டியலில்) ஓரிடத்தில் இருக்கும், கான்ரெஃபுக்குப் பதில் வரும் கான்கீரெஃப் பெயரை மட்டும் சொல்லும். மேப்பை மாற்றினால் அதே பெயருக்கு வேறு மாடலின் பத்தி வந்து உட்காரும்.

இதெல்லாம் பழகிவிடும். எழுதுவதுதான் கஷ்டம். பொதுப் பத்திக்கு அக்கம்பக்கம் தெரியாது. 'மேலே சொன்னபடி', 'அடுத்த படியில்', 'இந்தக் கருவி' எல்லாம் அதற்கு ஆகாது. முன்னும் பின்னும் எது வந்தாலும் பொருந்தி நிற்க வேண்டும். அரை வாக்கியத்தைப் பகிரவே கூடாது என்பது என் கட்சி. மொழிபெயர்ப்பாளருக்கு வேற்றுமை உருபு ஒட்ட இடமிருக்காது.

அடுத்த தலைவலி ரிவ்யூ. பிடிஎஃப்பில் பார்ப்பவருக்கு அது தன் கையேட்டின் வரிதான்; "எங்கள் மாடலுக்கு ஏற்ப லேசாக மாற்றுங்கள்" என்று குறித்துவிடுவார். அந்த லேசான மாற்றம் மற்ற எல்லாக் கையேட்டிலும் போய் ஏறும். இப்போது வரைவுப் பிரதியில் பொதுப் பத்திகளுக்குப் பின்னணி நிறம் கொடுக்கிறோம். கருத்துகள் பத்தியின் பொறுப்பாளருக்குப் போகின்றன. அவர் ஒப்பாவிட்டால் அந்த மாடலுக்குத் தனிப் பிரதி. பத்திக்குள் 'இந்த மாடலுக்கு மட்டும்' என்று நிபந்தனைகளை அடுக்குவதற்கு இது எவ்வளவோ தேவலை. நிபந்தனை மூன்றைத் தாண்டினால் எந்தக் கையேட்டில் எது அச்சாகும் என்று எழுதியவருக்கே தெரியாது.