பதினோரு பேர் படித்த வகுப்பு

உயிரியல் படிக்க ஆசை, பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை, ஒரு சின்னக் கல்லூரியில்தான் கிடைத்திருக்கிறது, சேரலாமா வேண்டாமா என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். தாராளமாகச் சேர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது போதுமான பதிலாகப் படவில்லை. அவளுக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நானும் படித்தது அப்படியொரு சின்னக் கல்லூரியில்தான். எங்கள் வகுப்பில் பதினோரு பேர். துறை மொத்தத்துக்கும் ஐந்து ஆசிரியர்கள். உயிரியல், உயிர்மருத்துவ அறிவியல் இரண்டுக்கும் ஒரே ஆய்வகம், அதனால் ஒரு மேசையில் வெங்காய வேர்நுனியை நசுக்கி மைட்டாசிஸ் எனும் செல் பிரிதலைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பக்கத்து மேசையில் கல்லீரல் திசுவின் ஸ்லைடை வைத்து ஹெமடாக்ஸிலின் சாயம் ஏறிய நீல உட்கருக்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் எல்லாம் காதில் விழும். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. ஆளுக்கு ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. எந்த வேலையையும் இன்னொருவர் செய்ய நான் வேடிக்கை பார்த்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் கிராம் சாயமேற்றல் வந்தது. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை, பாக்டீரியாவை இனம் பிரிக்க இன்றைக்கும் முதலில் கைவைப்பது இதில்தான். ஸ்லைடில் பாக்டீரியாவைத் தடவி, காயவைத்து, சுடரில் லேசாகக் காட்டி, கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், சில விநாடி ஆல்கஹாலில் கழுவல், கடைசியாக சாஃப்ரனின் என்ற இளஞ்சிவப்புச் சாயம். செல்சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்ற வலைப்பொருள் தடிமனாக இருந்தால் ஊதா தங்கிவிடும், அது கிராம் பாசிட்டிவ். மெல்லிசாக இருந்தால் ஆல்கஹாலோடு ஊதா போய், சாஃப்ரனினின் இளஞ்சிவப்பு ஏறும், அது கிராம் நெகட்டிவ். எனக்குக் கொடுத்தது பேசில்லஸ் சப்டிலிஸ், கோல் வடிவக் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா, அதாவது ஊதாக் கோல்கள் தெரிய வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 100எக்ஸ் லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் பாதி ஊதா, பாதி இளஞ்சிவப்பு, ஒரே சங்கிலியில் ஒட்டி நிற்கும் இரண்டு கோல்கள்கூட ஆளுக்கொரு நிறம்.

மேடம் வந்து குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்தக் கல்ச்சர், பாக்டீரியாவை வளர்க்க வெச்சது, என்னைக்குப் போட்டது?”

“மூணு நாளாச்சு மேடம்.”

“அப்போ ரெண்டு சந்தேகம் இருக்கு. ஆல்கஹால் அதிகமாயிருக்கலாம், இல்லேன்னா செல்லுக்கு வயசாகிச் சுவர் பலவீனமாயிருக்கலாம். எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?”

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. மேடமும் சொல்லவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சாயங்காலம் புதிதாக ஒரு கல்ச்சர் போட்டு, மறுநாள் காலையில் புதியதில் மூன்று, பழையதில் மூன்று என்று ஆறு ஸ்லைடு எடுத்தேன்; ஆல்கஹால் 5 விநாடி, 15 விநாடி, 30 விநாடி. புதியது 5-லும் 15-லும் முழுக்க ஊதா, 30-ல்தான் அங்கங்கே வெளிறியது. பழையதில் 5 விநாடியிலேயே இளஞ்சிவப்பு வந்துவிட்டது. வயசுதான் காரணம். ஒரு கேள்வியைப் பிரித்து, ஒன்றை மாற்றாமல் வைத்து இன்னொன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்றால் என்ன என்று நான் கற்றது அந்த ஆறு ஸ்லைடில்தான். மேடத்துக்கு எங்கள் பதினோரு பேரின் கையெழுத்தும் தெரியும், யார் பைப்பெட்டை அவசரமாக விடுவார்கள் என்பதும் தெரியும். பின்னால் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இந்த ஆறு ஸ்லைடைப் பற்றித்தான் எழுதினார்.

இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவைப் பல பிரதி எடுக்கும் பிசிஆர் எந்திரம் ஒன்றே ஒன்று, முறை வைத்துத்தான் கிடைக்கும். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்தோம். நோயெதிர்ப்பியல் எடுத்தவர் அடிப்படையில் ஒட்டுண்ணியியல்காரர், ஒட்டுண்ணி வரும் இடமெல்லாம் பாடம் அற்புதமாக இருக்கும், மற்ற அத்தியாயங்கள் வேகமாக ஓடிவிடும், அதை நாங்களே உட்கார்ந்து படித்துக்கொண்டோம். விருப்பப்பாடம் என்று பெரிய பட்டியலெல்லாம் கிடையாது. மேற்படிப்புக்குப் போனபோது முதல் சில மாதங்கள் எந்திரங்களின் பெயர் பழகவே எனக்குப் போய்விட்டது. ஆனால் எந்திரம் பழகிவிடும், எனக்கும் பழகியது.

ஒரு பகுதி குறையை இணையம் சரிக்கட்டும். டிஎன்ஏ, புரத வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் என்ற மென்பொருள் 1990-லிருந்து இருக்கிறது, புரதக் கட்டமைப்பு வங்கியான பிடிபி 1971-லிருந்து. இரண்டும் இலவசம், பெரிய ஆய்வகத்தில் இருப்பவருக்குத் திறக்கும் அதே பக்கம்தான் உனக்கும் திறக்கும். ஹீமோகுளோபின் புரதத்தின் வரிசையை எடுத்து வெவ்வேறு விலங்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணக் கணினி போதும்.

சின்னக் கல்லூரியில் படித்தால் பெரிய ஆய்வுக்குப் போக முடியுமா என்றும் கேட்டாள். அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் செக் இளநிலை படித்தது அங்குள்ள கிரின்னெல் கல்லூரியில். ஆர்என்ஏவும் நொதிபோல் வேலை செய்யும் என்று கண்டதற்காக 1989-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு அமெரிக்க விஞ்ஞானி ஜெனிஃபர் டவுட்னா இளநிலை படித்தது பொமோனா கல்லூரியில், கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறைக்காக 2020-ல் நோபல். இரண்டுமே சின்னக் கல்லூரிகள். டவுட்னா முனைவர் பட்டத்துக்குப் பிறகு செக்கின் ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். இருவரும் முனைவர் பட்டத்துக்குப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. நீயும் அப்போது போகலாம்.

அப்புறம் ஒன்று. எல்லாச் சின்னக் கல்லூரியும் எங்கள் கல்லூரி மாதிரி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மாணவர்கள் கைவைக்காமல், ஆசிரியர் செய்து காட்டி முடிக்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன, அங்கே பதினோரு பேர் என்றாலும் நூறு பேர் என்றாலும் ஒன்றுதான். அதனால் சேருவதற்கு முன்னால் போய் ஆய்வகத்தைப் பார். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரிடம் அவருடைய ஆய்வக நோட்டைக் கேட்டு வாங்கி, தப்பாக வந்த முடிவுகளும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று புரட்டிப் பார். மைக்ரோஸ்கோப்புகளின் 100எக்ஸ் லென்ஸைக் கவனி, எண்ணெய் காய்ந்து படிந்திருக்கிறதா, துடைத்துச் சுத்தமாக இருக்கிறதா, இல்லை வாங்கிய நாளில் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று. பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரியே எனக்குப் போன் பண்ணு.