இரண்டு பீப் சத்தம்

2019 ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல் அன்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போடப் போனேன். விளவங்கோடு தொகுதியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வரிசையில் நிற்க விடாமல் நேராக உள்ளே அனுப்பினார்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

உள்ளே போனதும் தலைமை அலுவலரிடம், "சார், பிரெயில் வேட்பாளர் பட்டியல் தாங்க, நானே போட்டுக்கிறேன்" என்றேன். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில். தாள்கள் புரளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "அது எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியலம்மா. கூட ஆள் வந்திருக்காரே, அவரே போடட்டும்" என்றார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. எனக்கு வாதாடத் தெரியவில்லை. மாமா உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். அட்டை மறைப்புக்குள் நான் சின்னத்தை அவர் காதில் சொன்னேன். நாலடி தள்ளி கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கிசுகிசுத்தது அவர்களுக்கும் கேட்டிருக்கும். பீப் சத்தம் வந்ததும் "அழுத்தியாச்சு மக்களே" என்றார் மாமா.

மாமா எந்தக் கட்சிக்காரர் என்பது ஊருக்கே தெரியும். நான் சொன்னது வேறு கட்சியின் சின்னம். அவர் என்னை ஏமாற்றியிருக்க மாட்டார், இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் அன்று இரவு படுத்தபோது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என் ஓட்டு எங்கே விழுந்தது என்று மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அடுத்த தேர்தலுக்கு இப்படிப் போகக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் விதியை முதலில் படித்தேன். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்ற பிரிவு அது. சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். அந்தத் துணை அன்றைக்கு வேறு யாருக்கும் துணையாக இருக்கக்கூடாது, ரகசியம் காப்பேன் என்று உறுதியும் தர வேண்டும். நன்றாகக் கவனித்தால், முடியாதவருக்குத்தான் துணை. முடியும் என்கிறவர் தலையில் துணையைக் கட்ட அந்த விதியில் இடமில்லை. ஓட்டு மெஷினில் ஒவ்வொரு நீலப் பொத்தானுக்கும் வலப்பக்கம் பிரெயிலில் எண் இருக்கிறது. பிரெயில் பட்டியல் தாளில் பெயரையும் எண்ணையும் படித்துவிட்டு, மெஷினில் அதே எண்ணைத் தேடி அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 11-ஆவது பிரிவும், வாக்குச்சாவடியும் தேர்தல் தொடர்பான தாள்களும் எங்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் போனில் சேமித்து வைத்தேன்.

2021 ஏப்ரல் 6 வந்தது. சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி நாடாளுமன்ற இடைத்தேர்தலும் அன்றைக்கே நடந்தது. அதனால் எங்களுக்கு இரண்டு ஓட்டு, இரண்டு மெஷின். மாற்றுத்திறனாளிகளும் 80 வயது தாண்டியவர்களும் தபால் ஓட்டுப் போடலாம் என்று அந்த முறை வசதி வந்திருந்தது. பிஎல்ஓ அக்கா, அதாவது எங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர், தபால் ஓட்டு கேட்டு விண்ணப்பிக்கும் 12டி படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். "வீட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போவாங்க, நீ எதுக்கு அலையணும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அது தாள் ஓட்டு. என் கையால் அதில் குறி போட வழியில்லை, மறுபடியும் ஒருவர் காதில்தான் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் பூத்துக்குப் போய் ஓட்டுப் போடவும் முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிரெயில் தாள் அந்த முறையும் கிடைக்காமல் போனால்? அதற்கு ஒரு வழி பிடித்தேன். வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்ததும், தங்கச்சியை இரண்டு தேர்தலுக்கும் வரிசை எண்ணோடு வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தேன். மெஷினில் பெயர்கள் அதே வரிசையில்தான் இருக்கும். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் போட்டு, எங்கள் பூத்துக்குப் பிரெயில் தாள் வருமா என்று கேட்டேன். எல்லா பூத்துக்கும் அனுப்புகிறோம் என்றார்கள்.

தாள் வந்திருந்தது! கொடுத்தவர் பொறுமையான ஒரு மேடம். ஆனால் அது கொரோனா காலம். வாசலிலேயே காய்ச்சல் பார்த்து, சானிடைசர் ஊற்றி, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை மாட்டிவிட்டிருந்தார்கள். நான் பிரெயில் படிப்பது வலது ஆள்காட்டி விரலால். தாளில் விரலை வைத்தால் கையுறை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, புள்ளி எது, பிளாஸ்டிக் சுருக்கம் எது என்றே தெரியவில்லை. இடது கையால் பார்க்கலாம் என்றால் அந்த ஆள்காட்டி விரலில் அப்போதுதான் மை வைத்திருந்தார்கள். அது காயவில்லை, தாளில் பட்டால் தாளும் கறையாகும், மையும் போகும்.

நிலைமையை மேடத்திடம் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கழட்டிட்டுப் படிங்கம்மா, அழுத்தப் போறப்ப வேற தர்றேன்" என்றார். கழற்றினேன். விரலடியில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. தங்கச்சி வாசித்த அதே வரிசை.

மறைப்புக்குள் போன பிறகுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஓட்டுப் போடத் தயார் என்று காட்ட மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரியும். பார்வை இருப்பவர்களுக்குச் சரி, எனக்கு? மெஷினைத் தயார் செய்து விடும் அலுவலரிடம், "ஓட்டு கொடுத்தாச்சுன்னா சத்தமா சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார். புதுக் கையுறை போட்ட வலது கையால் மேலிருந்து பொத்தான்களை எண்ணிக்கொண்டே வந்து, என் எண்ணில் நிறுத்தினேன். இடது நடுவிரலால் பக்கத்திலிருந்த புள்ளிகளைத் தடவிப் பார்த்தேன். நடுவிரலுக்குப் படித்துப் பழக்கமில்லை, மூன்று முறை தடவ வேண்டியிருந்தது. எண் சரியாக இருந்தது. அழுத்தினேன், பீப் சத்தம் வந்தது. அடுத்த மெஷினிலும் அதேபோல.

எந்த எண் என்று இங்கே எழுத மாட்டேன். மாமாவிடமும் சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கையைப் பிடித்து ஆட்டோவுக்குக் கூட்டிப்போனார்.

குறை இல்லாமல் இல்லை. போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் மெஷினில் அந்தச் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டு விழுந்துவிடும். போட்ட ஓட்டைச் சரிபார்க்க மற்றவர்களுக்குக் கிடைக்கும் அந்த 7 விநாடி எங்களுக்கு இல்லை. எங்களுக்கு அந்தப் பீப் சத்தம் மட்டும்தான். பிரெயிலும் எல்லோருக்கும் தெரியாது. பாதி வயதில் பார்வை போனவர்கள் எத்தனையோ பேர் அதைப் படித்ததே இல்லை. மெஷினே பெயரைக் காதில் சொல்லும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பது என் கருத்து, கேட்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

வீட்டு ஓட்டை நான் வேண்டாம் என்றேனே தவிர, அது நல்ல ஏற்பாடு. தென்னையிலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் 2024-இல் அப்படித்தான் போட்டார். அலுவலர்கள் வந்து, கட்டிலிலேயே மறைப்பு வைத்து, வீடியோ எடுத்து, உறையை ஒட்டி வாங்கிப் போனார்கள். விழுந்த பிறகு அவர் போட்ட முதல் ஓட்டு அது.

அந்த 2024-லும் விளவங்கோட்டில் சட்டமன்ற இடைத்தேர்தல் சேர்ந்து வந்ததால் மறுபடி இரண்டு ஓட்டு. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அதுதான் முதல் தேர்தல். பதினைந்து வயதில் பார்வை போனவன், பிரெயில் தெரியாது. மாற்றுத்திறனாளி என்று வாக்காளர் பட்டியலில் பதிய படிவம் 8 போடச் சொன்னேன். பிறகு ஓர் அட்டையில் சட்டைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்துக் கொடுத்தேன். மேலிருந்து எண்ணி நிறுத்த வேண்டும், விரலை எடுக்காமல் அழுத்த வேண்டும். ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து அதையே பழகினான்.

ஏப்ரல் 19 அன்று அவன் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனான். வெளியே வந்து என் கையைத் தேடிப் பிடித்து, "ரெண்டு தடவையும் சத்தம் வந்துது அக்கா" என்றான். "யாருக்குப் போட்ட?" என்று வீடு வரைக்கும் அவன் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். அவன் சொல்லவில்லை.