கர்க்கடகக் கஞ்சி: மருந்தைவிட அளவு முக்கியம்

ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கிற அன்றைக்கே மலையாளத்துக் கர்க்கடகமும் பிறந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் மருந்துக் கஞ்சிப் பேச்சு தொடங்குவதும் அப்போதுதான். இப்போது அதற்கு ‘டீடாக்ஸ்’ என்று பெயர் வைத்து, பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். எண்ணெயும் பொரித்ததும் குறைந்து, இரவுச் சாப்பாடு முன்னதாக முடிந்து, வயிற்றுக்கு ஓய்வு கிடைப்பதுதான் கஞ்சியின் பலன். அதுவே பெரிய பலன்.

ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஞவரை அரிசி 50 கிராம், சிறுபயறு 25 கிராம், வெந்தயம் 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, மஞ்சள் கொஞ்சம். வெந்தயத்தை முந்தின இரவே ஊறப் போட வேண்டும். ஊறாத வெந்தயம் வேகாது, கசப்பும் தூக்கலாக இருக்கும். ஞவரை தவிட்டோடு இருப்பதால் ஒரு மணி நேரமாவது ஊறட்டும். அரை லிட்டர் தண்ணீர் விட்டு, குக்கரில் சிறு தீயில் ஆறு விசில். மண்பானை என்றால் முக்கால் மணி நேரம். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கஞ்சி நுரைத்து வந்து விசில் துவாரத்தை அடைத்துவிடும்.

வெந்து குழைந்ததும் இரண்டாம் தேங்காய்ப்பால் 100 மில்லி விட்டு ஒரு கொதி. அடுப்பை அணைத்த பிறகுதான் தலைப்பால், 50 மில்லி போதும். தலைப்பாலைக் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். உப்பு கடைசியில். இனிப்பு வேண்டுமென்றால் உப்புக்குப் பதில் கருப்பட்டி, அதுவும் ஒரு சின்னத் துண்டு. பால் சேர்த்த கஞ்சி மழைக்காலத்திலும் சீக்கிரம் புளிக்கும். இரவுக்கும் வேண்டுமானால் பால் விடாத கஞ்சியைத் தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பச்சிலைச் சாறு சேர்ப்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. தசபுஷ்பம் என்கிற பத்து மூலிகையும் கிடைத்தால்தான் கஞ்சி என்று அலைய வேண்டியதில்லை. முடக்கத்தான், அருகம்புல், கரிசலாங்கண்ணி என நிச்சயமாக அடையாளம் தெரிந்த மூன்று போதும். எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடித்து, வேகும்போதே சேர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று கைப்பிடி போட்டு, மறுநாள் வயிறு இளகிப் போனதும் ‘கழிவு இறங்குது’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது அளவு மீறியதற்கு வயிறு சொல்லும் பதில். ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த இடத்திலும் ரோட்டோரத்திலும் இலை பறிக்கவே கூடாது.

இதுபோல இன்னும் சில அறிகுறிகளைத் தவறாகப் படிக்கிறோம். இரண்டாம் நாள் தலைவலி வந்தால் பெரும்பாலும் சாயாவைத் திடீரென்று நிறுத்தியதால்தான். ஒரேயடியாக விடாமல் இரண்டு நாள் பாதிப் பாதியாகக் குறையுங்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் வாசம் மாறினால் அது வெந்தயத்தின் வாசம். முதல் மூன்று நாளில் குறையும் எடையில் பெரும்பங்கு நீர்.

கஞ்சி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக இருக்க வேண்டும். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு நாலு தோசையும் சாப்பிட்டால் வயிறு மந்தமாகும், அவ்வளவுதான். காலை கஞ்சி, மதியம் அளவாகச் சம்பாச் சோறும் இலைத் துவரனும் (தேங்காய் போட்ட கீரைப் பொரியல்) மோரும், இரவு ஏழு மணிக்குள் மறுபடி கஞ்சி. இரவில் வெந்தயம் வேண்டாம். இப்படி ஏழு நாள். மழை விட்ட நேரத்தில் அரை மணி நடை.

துவரனுக்கு மத்தன் (பூசணி) இலை, பயற்றிலை, தகரை, சேம்பின் குருத்திலை நல்லது. சேம்பிலையில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் தொண்டை அரிக்கும். குருத்தாகப் பார்த்து, கொஞ்சம் புளி சேர்த்து நன்றாக வேக விடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சேம்பிலை வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சாப்பாடு குறைந்து, வெந்தயமும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருந்துக் கஞ்சியைத் தவிர்த்து, வெறும் சிறுபயறுக் கஞ்சி குடிக்கலாம்.

அரிசி வாங்கும்போது ஒன்று பாருங்கள். ஞவரை செந்தவிட்டு அரிசி, ஊறின தண்ணீரும் சிவக்கும். ஆனால் மற்றச் சிவப்பரிசிகளும் அப்படித்தான் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. விலை ஒத்துவராவிட்டால் குத்துச்சம்பாவை நொய்யாக உடைத்துக் காய்ச்சுங்கள், குறை ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் நேராகப் பொரித்த கோழிக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் இட்லி, ரசஞ்சோறு. மேற்குக் கடலில் விசைப்படகுத் தடை ஜூலை 31இல் முடியும். ஏழு நாளோடு நிறுத்தாமல் ஆடி முதல் நாளிலிருந்து இரண்டு வாரம் கடைப்பிடிப்பவர்களுக்கு, குளச்சலில் புது மீன் வரும்போது கணக்குச் சரியாக இருக்கும். முதலில் குழம்பு மீன், பொரிப்பு அடுத்த வாரம்.