புளித்த மாவும் ஒரு பின்னமும்

அப்பாவின் மளிகைக் கடையில் இட்லி மாவு பாக்கெட்டை 30 ரூபாய்க்கு எடுத்து 40 ரூபாய்க்கு விற்கிறோம். மறுநாள் புளித்துவிடும். தினமும் எத்தனை எடுப்பது என்று எங்களுக்குள் சண்டை. "வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதுடா" என்பார் அப்பா.

கல்லூரியில் படித்த செய்தித்தாள் விற்பவர் கணக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் விற்க முடியாத பொருளை எத்தனை எடுப்பது என்று சொல்லும் கணக்கு அது. ஒரு பாக்கெட் குறைந்தால் 10 ரூபாய் லாபம் போகும். மிஞ்சினால் 30 ரூபாய் நட்டம். 10-ஐ, இரண்டையும் கூட்டிய 40-ஆல் வகுத்தால் 0.25. நான்கில் ஒரு நாள் மட்டும் கேட்டவர்கள் எல்லோருக்கும் மாவு இருந்தால் போதும் என்று அர்த்தம். அதாவது நான்கு நாளில் மூன்று நாள் மாவு தீர்ந்துபோவதுதான் நமக்கு நல்லது! 1888-லேயே பொருளியலாளர் எட்ஜ்வொர்த், வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைக்கலாம் என்பதற்கு இந்த வழியில்தான் யோசித்தார்.

இரண்டு மாத தினசரி விற்பனையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, கால்வாசி தூரத்தில் வரும் எண்ணைப் பார்த்தேன். (தீர்ந்த பிறகு கேட்டுத் திரும்பியவர்கள் நோட்டில் இல்லை, அது வேறு தலைவலி.) 20 எடுக்கிற இடத்தில் 14 போதும் என்று வந்தது.

"மிஞ்சினது ராத்திரி ஊத்தப்பம் ஆகுதே, அதுக்குக் காசு இல்லையா?" என்றார் அம்மா. சரிதான். அதற்கு 15 ரூபாய் போட்டால் நட்டமும் 15தான், பின்னம் 10-ஐ 25-ஆல் வகுத்த 0.4, பாக்கெட் 16.

"மாவு இல்லைன்னு போனவன் தேங்காயையும் அங்கேயே வாங்கிட்டா?" என்றார் அப்பா. அதற்கு என்னிடம் எண் இல்லை. இப்போதைக்கு 18 எடுக்கிறோம்.